ஈஸ்ட் ஆங்கிலியா மின்னஞ்சல் சர்ச்சை

2009 நவம்பரில், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வு மையத்தின் மின்னஞ்சல்கள் ஆயிரத்துக்கும் மேல் திருடப்பட்டு இணையத்தில் வெளியாயின. மைய இயக்குநர் பில் ஜோன்ஸ் 1999இல் எழுதிய மின்னஞ்சலில் 'டிரிக்' என்ற சொல் இருந்தது. கணக்கு ஆசிரியர் 'இதற்கு ஓர் உத்தி உண்டு' என்று சொல்வதைப் போன்ற பொருளில்தான் அவர் எழுதியிருந்தார். ஐயவாதிகளோ அதைத் தந்திரம் என்று கொண்டு, புவி வெப்பமாதலே பொய் என்றனர்.

2010இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவும் மியூர் ரஸ்ஸல் குழுவும் இதை விசாரித்தன. விஞ்ஞானிகளின் நேர்மையில் ஐயமில்லை என்று ரஸ்ஸல் குழு கூறியது. ஆனால் கேட்டவர்களுக்குத் தகவல் தரத் தயங்கியது தவறு என்று இரு குழுக்களும் சுட்டின. 2011இல் அம்மையம் 5,000க்கும் மேற்பட்ட வானிலை நிலையங்களின் தரவுகளைப் பொதுவில் வைத்தது.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் இத்தகைய வெப்பநிலைக் கணக்குகளை ஐயுற்றவர். பெர்க்லி எர்த் என்னும் குழுவை அமைத்துத் தாமே புதிதாகக் கணக்கிட்டார். 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பநிலை சுமார் 1.5 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது என்றும், அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதரே என்றும் 2012இல் அறிவித்தார். தம் பழைய கருத்து மாறிவிட்டதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.