கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்கள் எங்கே போயின?

சென்னையின் பழமையான கட்டிடங்கள் என்றால் ஜார்ஜ் கோட்டை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் ரயில் நிலையம் என்று பட்டியல் போடுவார்கள். கோடம்பாக்கம் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிப் படங்களும் ஒரு காலத்தில் பெரும்பாலும் இங்கேதான் உருவாயின. 'கோலிவுட்' என்ற பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான்!

ஆற்காடு நவாபின் குதிரைத் தோட்டம், அதாவது 'கோடா பாக்', கோடம்பாக்கம் ஆனது என்று ஒரு கதை உண்டு. ஆனால் நுங்கம்பாக்கம், சேப்பாக்கம் போல 'பாக்கம்' என்பது இந்தப் பகுதி ஊர்ப் பெயர்களில் சாதாரணமாக வருவது. இங்குள்ள பழைய பரத்வாஜேஸ்வரர் கோயிலும் சினிமாவுக்கு முன்பே இங்கே ஊர் இருந்ததைக் காட்டுகிறது.

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் பாதைக்கு மேற்கே காலி நிலம் ஏராளம். படப்பிடிப்புக்கு வேண்டியதும் அதுதானே? காரைக்குடியில் ஸ்டூடியோ நடத்திய ஏ.வி.மெய்யப்பன் 1948-ல் இங்கே வந்தார். சிவாஜி கணேசனின் முதல் படமான பராசக்தி (1952) ஏவிஎம்மில்தான் படமானது. சாலிகிராமத்தில் நடிகை பானுமதியும் கணவர் ராமகிருஷ்ணாவும் நடத்திய பரணி, எல்.வி.பிரசாத்தின் பிரசாத் ஸ்டூடியோ என்று வரிசையாக எழும்பின. வடபழனி, சாலிகிராமம் எல்லாம் சேர்த்தே சினிமாக்காரர்களுக்குக் 'கோடம்பாக்கம்'.

இவற்றில் பிரம்மாண்டமானது நாகிரெட்டியின் விஜயா வாகினி. ஆசியாவின் மிகப் பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. மாயா பஜார் (1957) தமிழிலும் தெலுங்கிலும் இங்கே உருவானது. 1947-ல் பிறந்த அம்புலிமாமா பத்திரிகையும் இதே நாகிரெட்டி - சக்ரபாணி கூட்டணியின் குழந்தைதான்.

பிறகு என்ன ஆனது?

ஒரு படப்பிடிப்புத் தளம் என்பது நான்கு உயரமான சுவர்களும் ஒரு கூரையும். யாராவது வாடகைக்கு எடுத்தால்தான் வருமானம். எடுக்காவிட்டாலும் சம்பளம், வரி, பராமரிப்பு நிற்காது. தெலுங்குப் படங்கள் ஹைதராபாத்துக்குப் போயின. மலையாளமும் கன்னடமும் தங்கள் மாநிலங்களுக்குத் திரும்பின. 1977-ல் பாரதிராஜாவின் 16 வயதினிலே நிஜமான கிராமத்தில் படமாகி வெற்றி பெற்றதும், தமிழ்ப் படங்களும் வெளிப்புறத்துக்குக் கிளம்பின. தளங்கள் காலியாகக் கிடந்தன. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. கணக்குப் பார்த்தால் முடிவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

விஜயா வாகினி வளாகத்தில் இன்று மருத்துவமனை இருக்கிறது. 2013-ல் திறந்த வணிக வளாகமும் இருக்கிறது. அதற்குள் சினிமா தியேட்டரும் உண்டு! படம் எடுத்த இடத்தில் இப்போது படம் பார்க்கிறார்கள். கோடம்பாக்கத்துக்கு வெளியேயும் இதே கதைதான். அண்ணா சாலையில் ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது, மேம்பாலத்துக்கு மட்டும் பெயர் மிஞ்சியது. அடையாறில் சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் மகளிர் கல்லூரி நடக்கிறது.

உரிமையாளர்களைக் குறை சொல்ல முடியாது. நஷ்டத்தில் ஒரு தளத்தை எத்தனை வருடம் ஓட்டுவது? மருத்துவமனையும் கல்லூரியும் ஊருக்கு வேண்டியவைதான். கேள்வி வேறு. கோபுரமும் வளைவும் தூண்களும் இருந்தால்தான் பாரம்பரியமா? தகரக் கூரை போட்ட ஒரு தளத்துக்கு அழகு கிடையாது. ஆனால் தென்னிந்தியாவையே சிரிக்கவும் அழவும் வைத்த படங்கள் அதற்குள்தான் எடுக்கப்பட்டன. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012-ல் வந்தது. பல ஸ்டூடியோக்கள் அதற்கு முன்பே போய்விட்டன.

முழுவதும் அழிந்துவிடவில்லை. ஏவிஎம் வளாகத்தில் 2023-ல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பழைய உலக உருண்டைச் சின்னம் இன்றும் ஆற்காடு சாலையின் அடையாளம். மற்ற இடங்களில் கட்டிடத்தை மீட்க முடியாது. ஆனால் ஒரு பெயர்ப் பலகை வைக்கலாம். 'இங்கே இந்த ஸ்டூடியோ இருந்தது, இந்தப் படங்கள் எடுக்கப்பட்டன' என்று இரண்டு வரி போதும். அதற்கு ஆகும் செலவு, அங்கே ஒரு நாள் போட்ட செட்டின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.