காரில் மறுபடியும் கீறலா? சண்டைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்க!

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால், கார் கதவில் நீளமாக ஒரு கோடு. போன மாதம்தான் பின்பக்கம் இதே மாதிரி ஒன்று. அதற்கு முன்னால் வைப்பரை யாரோ வளைத்து வைத்திருந்தார்கள். முதல் தடவை, 'ஏதோ பைக் உரசியிருக்கும்' என்று விட்டுவிடுவோம். இரண்டாவது தடவை கோபம் வரும். மூன்றாவது தடவை மனசுக்குள் ஒரு முகம் வந்து நிற்கும். எதிர்வீட்டு அங்கிளோ, மாடிவீட்டுப் பையனோ, பார்க்கிங்குக்காக அன்றைக்கு முறைத்துவிட்டுப் போனவரோ.

அந்த முகம் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால், ஒன்றுமே செய்யாத ஒருவரோடு வருஷக்கணக்கில் பகை. சரியாகவே இருந்தாலும், ஆதாரம் இல்லாமல் கேட்டால், 'நான் செஞ்சதை நீ பார்த்தியா?' என்ற ஒரே கேள்வியில் நீங்கள் வாயடைத்துப் போவீர்கள். அதனால் ஆளைத் தேடுவதற்கு முன்னால் பதிவைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

இது மனுஷன் வேலைதானா?

எல்லாச் சேதமும் வேண்டுமென்றே செய்ததாக இருக்காது. பானெட் மேல் பொடிப்பொடியான, குறுக்கும் நெடுக்குமான கீறல்கள் என்றால் பூனையாக இருக்கலாம். வயர் கடிபட்டிருந்தால் எலி. கதவு ஓரத்தில் சின்னப் பள்ளம் என்றால், பக்கத்துக் காரின் கதவு இடித்திருக்கலாம். இடுப்பு உயரத்தில், ஒரு கதவில் ஆரம்பித்து அடுத்த கதவுவரை போகும் ஒரே சீரான கோடு என்றால், சாவியாலோ ஆணியாலோ இழுத்தார்களா என்று சந்தேகப்படலாம்.

டயரில் காற்று இறங்கியிருந்தால் பஞ்சர் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். தரையில் படும் பகுதியில் ஆணி இருந்தால் அது பெரும்பாலும் ரோட்டில் ஏறியது. டயரின் பக்கவாட்டில் நேரான வெட்டு, அல்லது ஒரே ராத்திரியில் இரண்டு டயரில் காற்று இல்லை என்றால் கதை வேறு. கழற்றிய டயரைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள்.

30 செகண்ட் வீடியோ போதும்

காரை நிறுத்தியதும் ஒரு சுற்று சுற்றி வந்து 30 செகண்ட் வீடியோ எடுங்கள். காலையில் எடுக்கும்போது இன்னொன்று. இரண்டே வாரத்தில் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்துவிடும்: சேதம் உங்கள் தெருவில் நடக்கிறதா, ஆபீஸ் பார்க்கிங்கிலா, வாட்டர் வாஷ் விட்ட இடத்திலா? எதிர்வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கோடு விழுந்தது மால் பார்க்கிங்கில் என்று தெரியவரும்.

சேதத்தைப் படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டோடு ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஒன்று எடுங்கள். கூடவே 'நேற்று இரவு 10 மணிக்கு நன்றாக இருந்தது, காலை 7 மணிக்குப் பார்த்தேன்' என்று போனிலேயே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

கேமரா விஷயத்தில் கவனம்

சிசிடிவி பதிவுகள் சில நாளில் தானாகவே அழிந்து, அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். 'ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுக்கலாம்' என்று தள்ளிப்போடாமல், பார்த்த அன்றைக்கே மளிகைக் கடை அண்ணாச்சியிடமோ, அப்பார்ட்மென்ட் செக்ரட்டரியிடமோ நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதிவை வழக்கில் ஆதாரமாகக் கொடுக்க, பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் தேவைப்படும். அதனால் எந்தக் கேமரா, யாருடையது, யார் காப்பி எடுத்துக் கொடுத்தார் என்பதையும் குறித்து வையுங்கள்.

டேஷ்கேம் வாங்குவதாக இருந்தால், 'பார்க்கிங் மோட்' உள்ளதா, பேட்டரி சார்ஜ் குறைந்தால் தானாக நின்றுவிடுமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. வீட்டில் கேமரா வைத்தால் அது உங்கள் காரைப் பார்க்கட்டும்; அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

காரணம் எங்கே?

தொடர்ந்து ஒரே காருக்குச் சேதம் நடந்தால், பின்னால் ஒரு மனக்குறை இருக்கலாம். பெரும்பாலும் அது பார்க்கிங்தான். உங்கள் கார் யார் வீட்டு கேட்டையாவது மறிக்கிறதா? தண்ணீர் லாரி திரும்ப முடியாமல் நிற்கிறதா? அப்படி நிறுத்துவது விதிமீறல். அதற்காகக் காரைக் கீறுவது நியாயம் ஆகிவிடாது. ஆனால், இடத்தை மாற்றினாலே பிரச்னை நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

பேசுவதாக இருந்தால், குற்றம் சாட்டாமல் பேசுங்கள். 'நீங்கதானே கீறினீங்க?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'சார், ரெண்டு மூணு தடவை கார்ல கீறல் விழுந்திருக்கு. கேமரா பார்க்கலாம்னு இருக்கேன். நான் இங்க நிறுத்துறதுல உங்களுக்கு எதாவது சிரமமா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் செய்யாதவர் என்றால் உதவிக்கு வருவார். செய்தவர் என்றால், கேமரா என்ற வார்த்தை போதும்.

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பெயரையோ போட்டோவையோ போட்டு, 'இவன்தான்' என்று எழுதாதீர்கள். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ல் இரண்டு ஆண்டுகள்வரை சிறைக்கு இடமுண்டு. கீறல் விழுந்தது உங்கள் காரில். கேஸும் உங்கள் மேலேயே விழ வேண்டுமா?

போலீஸிடம் போனால்?

அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 324-ல் வரும். சாதாரணமாக 6 மாதம்வரை சிறை. சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் 2 ஆண்டுகள்வரை. 1 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 5 ஆண்டுகள்வரை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் எழுத்துபூர்வமாக எஸ்டிமேட் வாங்குவது முக்கியம்.

1 லட்சத்துக்குக் குறைந்த சேதம் என்றால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்க முடியாது. எனவே எஃப்.ஐ.ஆர் போடவில்லையே என்று சோர்ந்து போகாதீர்கள். தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கப் புகார், போட்டோக்கள், எஸ்டிமேட் மூன்றையும் கொடுத்து, சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த சம்பவம் நடந்தால், 'ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறேன்' என்று காட்ட அந்தத் துண்டுச்சீட்டுதான் கைகொடுக்கும். சந்தேகத்தை எழுதும்போது, 'இவர் மீது சந்தேகம், காரணம் இது' என்று மட்டும் எழுதுங்கள்.

வீல் நட் லூஸாக இருக்கிறது, காருக்கு அடியில் எண்ணெய் கசிந்திருக்கிறது, பிரேக் மிதித்தால் உள்ளே போகிறது என்றால் காரை எடுக்கவே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்லுங்கள். யாரோ வேண்டுமென்று செய்தது என்று அவர் சொன்னால், உடனே 112.

இன்ஷூரன்ஸ் கணக்கு

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் இதற்குப் பணம் வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வேண்டும். அதிலும் 1500 சிசி வரையிலான கார் என்றால் ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் செலவு. அதற்கு மேல் சிசி என்றால் 2,000. கார் நன்றாக இருந்து டயர் மட்டும் கிழிந்திருந்தால், வழக்கமான பாலிசியில் கிடைக்காது. மூன்று சம்பவத்தைச் சேர்த்து ஒரே க்ளெய்மாகவும் போட முடியாது.

நோ க்ளெய்ம் போனஸையும் பாருங்கள். உங்களுக்கு 50% தள்ளுபடி இருந்து, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்றால், ஒரு க்ளெய்ம் போட்டதும் அடுத்த வருடம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த வருடம் மறுபடி 20 சதவிகிதத்திலிருந்துதான் ஏற வேண்டும். 4,000 ரூபாய் பெயின்ட் வேலைக்கு க்ளெய்ம் போடுவது நஷ்டம்தான்.

இதை மட்டும் செய்யாதீங்க

ராத்திரி முழுக்க கட்டையோடு ஒளிந்திருந்து பிடிப்பது, காரைச் சுற்றி ஆணி போடுவது, பதிலுக்கு அவர் பைக்கைக் கீறுவது எல்லாம் வேண்டாம். புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் குற்றவாளியாகிவிடுவீர்கள். கையும் களவுமாகப் பார்த்தால்கூட, தூரத்திலிருந்து வீடியோ எடுங்கள், 112-க்கு அடியுங்கள். பெயின்ட்டை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம், கைகலப்பில் படும் அடி அப்படியல்ல.

இன்றைக்கு ராத்திரி காரைப் பூட்டும்போது முதல் வீடியோவை எடுத்துவிடுங்கள்.