தூணைத் தூக்கிப்போன காலம்!

எந்த அலுவலகத்தில் எந்த அப்ளிகேஷனை நீட்டினாலும், கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் மூக்குக்கண்ணாடி வழியாக மேய்ந்துவிட்டுச் சொல்வார்: ''சார், இந்தக் காலத்தை நீங்க ஃபில் அப் பண்ணவே இல்லையே!''

காலத்தை நிரப்பாமல் விட்டவர்கள்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர். ஆனால், அவர் தத்துவம் பேசவில்லை. அவர் சொல்வது இங்கிலீஷ் காலம், அதாவது கட்டம். தி.நகரில் ஃப்ளாட் பார்க்கப் போனால் அதே வார்த்தையை இன்ஜினீயர் சொல்வார். ''காலம் எல்லாம் ஸ்ட்ராங்கா போட்டிருக்கோம் சார், பூகம்பமே வந்தாலும் அசையாது!'' அவருடைய காலம், தூண். காமர்ஸ் மாணவனான எனக்குக் கல்லூரியில் மூன்று பத்தி ரொக்க ஏடு என்று ஒன்றைப் போட்டு வாட்டினார்கள். தள்ளுபடி, ரொக்கம், வங்கி என்று மூன்று காலம். கடைசிப் பைசா வரை டேலி ஆகவேண்டும். இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இதுவும் ஒரு காலம்தான். (இது டேலி ஆகிறதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்!)

எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன் மொழியின் 'கொலும்னா'. அர்த்தம், தூண். பக்கத்தில் வரிகளை மேலிருந்து கீழாக ஒடுக்கமாக அடுக்கினால் தூண் மாதிரி தெரிகிறது அல்லவா? அதனால் அதுவும் காலம். சிப்பாய்கள் முன்பக்கம் குறுகலாக, பின்னால் நீளமாக நடந்து போனால், படுக்கப்போட்ட தூண் மாதிரி இருக்கிறது. ஆகவே அந்தப் படையும் காலம்! இத்தாலியில் அப்படிப்பட்ட படையின் தலைவருக்குக் 'கொலொனெல்லோ' என்று பெயர் வந்தது. அதுதான் தேய்ந்து, திரிந்து 'கர்னல்' ஆனது. கர்னல் என்றால் தூண்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கர்னல் வரப்போகிறார்.

படை, தூண், எழுத்து - மூன்று காலமும் ஒன்றாக வந்து நம் ஊரில் சந்தித்த ஆண்டு ஒன்று உண்டு. 1746!

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னைக்கு வந்து குண்டு போட்டார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களால் சில நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வெள்ளைக்கொடி! லா பூர்தொனே, ''பதினொரு லட்சம் வராகன் கொடுங்கள், ஊரைத் திருப்பித் தந்துவிடுகிறேன்'' என்று பேரம் பேசினார். பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளேவோ, ''தருவதாவது! ஊர் நமக்கே'' என்றார். இருவருக்கும் குழாயடிச் சண்டை. நடுவில் ஐப்பசிப் புயல் வந்து பிரெஞ்சுக் கப்பல்களைப் பந்தாட, லா பூர்தொனே மிச்சத்தைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால், டூப்ளே இன்னொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். ''சென்னையைப் பிடித்ததும் உங்களிடம் ஒப்படைக்கிறேன்'' என்று ஆற்காடு நவாப் அன்வருதீனிடம் சொல்லிவைத்திருந்தார். பிடித்தாயிற்று, ஒப்படைக்கவில்லை. கடுப்பான நவாப், மகன் மாபூஸ்கானைப் பத்தாயிரம் பேருடன் அனுப்பினார். அந்தச் சேனை அடையாறு ஆற்றின் வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, பீரங்கிகளோடு வரிசையாக நின்றது. க்விபிள் தீவு, பட்டினப்பாக்கம் என்று இன்றைக்கு நாம் சொல்கிற பக்கம்!

தெற்கேயிருந்து, பாண்டிச்சேரியிலிருந்து ஒரு 'காலம்' நடந்து வந்தது. தலைமை தாங்கியவர் பாரதிஸ் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர், தொழிலால் இன்ஜினீயர். அவருடன் ஐரோப்பியர்கள் சில நூறு பேர், அவர்களிடம் பயிற்சி பெற்ற நம்மூர்ச் சிப்பாய்கள் சுமார் எழுநூறு பேர். மொத்தமே ஏறக்குறைய ஆயிரம். ஒரு பீரங்கிகூடக் கிடையாது. எதிரே பத்து மடங்கு ஆட்கள், நடுவே ஆறு. வேறு யாராக இருந்தாலும் கூடாரம் போட்டு யோசித்திருப்பார்கள். பாரதிஸ் நேராக ஆற்றில் இறங்கினார்!

நவாபின் பீரங்கிகள் சுட்டன. அவற்றை மறுபடி நிரப்பிச் சுடுவதற்கு ஆற அமர நேரம் ஆகும். பிரெஞ்சுப் படை அந்த இடைவெளியில் கரையேறி, ஒரே சமயத்தில் துப்பாக்கிகளை வெடித்து, நிறுத்தாமல், துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு ஓடிவந்தது. பத்தாயிரம் பேர் கொண்ட சேனை கலைந்து சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. குறுகலான தெருக்களில் ஆளும் குதிரையும் யானையும் நெரிசலில் சிக்க, பின்னாலேயே குண்டுகள் வந்தன.

அன்று என்ன தேதி? ஆங்கிலேயர்களுக்கு அக்டோபர் 24. பிரெஞ்சுக்காரர்களுக்கு நவம்பர் 4. இங்கிலாந்து அப்போதும் பழைய நாட்காட்டியையே கட்டிக்கொண்டு அழுததால், ஒரே சண்டைக்கு இரண்டு காலம்!

சண்டை என்னவோ சின்னதுதான். ஆனால், அதுவரை நவாப்களைப் பார்த்தால் குனிந்து சலாம் போட்டுக்கொண்டிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு அன்று ஒரு கணக்குப் புரிந்துவிட்டது. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்த ஆயிரம் பேர் இருந்தால் இந்த தேசத்தில் பத்தாயிரம் பேரை விரட்டலாம். அந்த ஆயிரத்திலும் பெரும்பகுதியை இங்கேயே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்! கண்டுபிடித்தது பிரெஞ்சுக்காரர்கள். அதை வைத்துக் கொழித்தது ஆங்கிலேயர்கள். பிளாசி யுத்தம் இதற்குப் பதினோரு வருஷம் கழித்துத்தான். இந்தியாவின் தலையெழுத்து மாறத் தொடங்கிய இடம் எது என்று என்னைக் கேட்டால், திரு.வி.க. பாலத்தில் சிக்னலுக்காகக் காத்திருக்கும்போது வலதும் இடதுமாகத் தெரிகிற அந்த ஆற்றைத்தான் கைகாட்டுவேன்.

இப்போது கல் தூண்களுக்கு வருவோம். 1732-ல் கவர்னர் மார்ட்டன் பிட், கோட்டையின் கடல் வாசலிலிருந்து உள்ளே வரும் வழியில் ஒரு தூண் மண்டபம் எழுப்பியிருந்தார். பல்லாவரம் மலையில் வெட்டி, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய முப்பத்திரண்டு கறுப்புத் தூண்கள். படகிலிருந்து இறங்கி வருகிற எவருக்கும் கம்பெனியின் செல்வாக்கை முதல் பார்வையிலேயே புரியவைத்தவை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவை ரொம்பப் பிடித்துப்போயின. பணம், பண்டம், பீரங்கி என்று கொள்ளையடிப்பதெல்லாம் உலக வழக்கம். இவர்கள் தூண்களையும் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்!

1748-ல் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை. அதன்படி, மறு வருஷம் சென்னை ஆங்கிலேயர்களிடம் திரும்பியது. பதிலுக்கு பிரான்ஸ் வாங்கிக்கொண்டது கனடாவில் இருக்கும் லூயிபர்க் கோட்டையை. மயிலாப்பூர்க்காரர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் இப்படி ஒரு பண்டமாற்று உறவு இருந்ததை யாராவது சொன்னால்தான் தெரியும்! ஊர் திரும்பி வந்ததே தவிர, தூண்கள் வரவில்லை.

இத்தனை கூத்தையும் பாண்டிச்சேரியில் உட்கார்ந்து ஒரு தமிழர் எழுதிக்கொண்டிருந்தார். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் தொடங்கி, சாகும் வரை நாட்குறிப்பு. பிறவி வியாபாரி. அதனால் எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு இறங்கியது, கவர்னர் யார்மேல் எரிந்து விழுந்தார், கவர்னர் அம்மாள் யாரிடம் காசு வாங்கினார் என்று வரவு-செலவு மாதிரியே எல்லாம் பதிவாகியிருக்கும். தமிழும் அப்படியே பேச்சுத் தமிழ். சென்னை விழுந்த கதையை, பிடித்தவர்களின் பக்கத்திலிருந்து நம் மொழியில் படிக்கவேண்டுமென்றால் அவரிடம்தான் போகவேண்டும். பிரசுரமாகாத காலத்திலேயே காலம் எழுதிய ஆசாமி என்று தாராளமாகச் சொல்லலாம்.

காலம் எழுதுகிறவரைத் தமிழில் 'பத்தி எழுத்தாளர்' என்கிறோம். பத்தி என்றால் வரிசை. வடமொழியின் 'பங்க்தி'யிலிருந்து வந்தது. சாப்பாட்டுப் 'பந்தி'யும் அதன் உறவுதான். ஆனால், அகராதியைப் புரட்டினால் இன்னொரு பத்தியும் இருக்கிறது. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்த மிகச் சிறிய படைப்பிரிவு. மகாபாரதத்து அக்குரோணிக் கணக்கு இந்தப் பத்தியிலிருந்துதான் ஆரம்பிக்கும். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. இருந்தும், இங்கிலீஷ் காலத்தைப் போலவே தமிழ்ப் பத்தியும் எழுத்துக்கும் படைக்கும் பொதுவாகப் போய்விட்ட தற்செயலை என்னவென்று சொல்வது!

இந்த மொழிபெயர்ப்பில் இன்னொரு ருசிகரம் உண்டு. 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர். மாட்ரிட் நகரை நோக்கி நாலு காலம் போகிறது, ஐந்தாவது காலம் ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று ஜெனரல் மோலாவின் பெயரால் ஒரு பேச்சு கிளம்பியது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் 'ஐந்தாம் தூண்' என்று எழுதியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். 'ஐந்தாம்படை' என்றார். அன்றிலிருந்து நம் மேடைப் பேச்சாளர்களுக்குத் தினமும் கைகொடுக்கிற வார்த்தை அது! பத்திரிகைகளை மட்டும் நான்காவது தூண் என்கிறோம். அரசியல்வாதிகளுக்குக் கோபம் வருகிற அன்றைக்கு, நான்காவது தூணை ஐந்தாம்படை ஆக்கிவிடுகிறார்கள்.

சரி, கல் தூண்கள் என்ன ஆயின? 1758-ல் லாலி வந்து கடலூர் பக்கமுள்ள செயின்ட் டேவிட் கோட்டையைத் தரைமட்டமாக்கினார். ஆங்கிலேயர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதிலடி கொடுக்கக் கிளம்பியவர்தான் நான் முன்பு சொன்ன தூண்காரர், கர்னல் அயர் கூட். மாதக்கணக்கில் முற்றுகை. பாண்டிச்சேரிக்குள் பட்டினி. 1761 ஜனவரி 12-ல் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். நாலே நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பழிக்குப் பழியாகக் கோட்டையும் மாளிகைகளும் இடிக்கப்பட்டதைப் பார்க்கும் கொடுமை அவருக்கு இல்லை. ஊரை இடித்தவர்கள், கறுப்புத் தூண்களை மட்டும் பத்திரமாகச் சென்னைக்கு எடுத்துவந்துவிட்டார்கள்.

அவற்றில் இருபது தூண்கள், 1910-ல் கோட்டைக்குள் புதிய சட்டசபைக் கட்டடம் எழுந்தபோது அதில் இடம் பிடித்தன. 2010-ல் சட்டமன்றம் ஓமந்தூரார் வளாகத்துக்குக் குடிபோய், மறு வருஷமே கோட்டைக்குத் திரும்பிய கூத்திலும் அவை அசையவில்லை. பாண்டிச்சேரி வரை போய்வந்த கற்களுக்கு இதெல்லாம் ஒரு ஊர்வலமா?

பல்லாவரம் கல்லுக்கு 'சார்னோகைட்' என்று விஞ்ஞானப் பெயர் உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர், அது நம்ம பல்லாவரத்துச் சரக்கு என்று கண்டுபிடித்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது!

பாண்டிச்சேரியிலிருந்து சென்னைக்குக் காலம் வருவது அத்தோடு நிற்கவில்லை. சுமார் நூற்றைம்பது வருஷம் கழித்து, பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி அங்கே போய்த் தங்கிய ஒருவர், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'சுதேசமித்திர'னுக்குத் 'தராசு' என்ற தலைப்பில் பத்தி எழுதி அனுப்பினார். அவர், சுப்பிரமணிய பாரதி.