பிள்ளைப்பாக்கம் டூ கோவளம், மாமல்லபுரம்: குடும்பத்தோட பீச் போறீங்களா? கிளம்பும் முன் இதைப் படிங்க!

வாரம் ஆறு நாள் ஷிஃப்ட். கிடைக்கிற ஒரே லீவு நாளில் பசங்க கேட்கிறது, "பீச்சுக்குப் போலாமா?"

பிள்ளைப்பாக்கம் சிப்காட், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களுக்கு கடற்கரை ஒன்றும் தூரம் இல்லை. கோவளம் சுமார் 60 கி.மீ., மாமல்லபுரம் சுமார் 70 கி.மீ. காலையில் கிளம்பினால் இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். சாப்பாடு, மாற்றுத்துணி, வண்டி வாடகை என எல்லாவற்றையும் திட்டமிடுகிறோம். ஆனால் எந்த இடத்தில் தண்ணீரில் இறங்குவது என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். வங்கக்கடலைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான்.

எந்த பீச்சுக்குப் போகலாம்?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்றால் கோவளத்தின் நீலக்கொடி பகுதி நல்ல தேர்வு. 2021-ம் ஆண்டு தமிழ்நாட்டின் கோவளத்துக்கும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் ஒன்றாக இந்தச் சான்று கிடைத்தது. நீலக்கொடி என்பது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தரும் தரச்சான்று. தண்ணீரின் தரம், பாதுகாப்பு, கழிப்பறை, குப்பை மேலாண்மை என 33 அளவுகோல்களில் தேறினால்தான் கிடைக்கும். உலகிலேயே அதிக நீலக்கொடி கடற்கரைகள் வைத்திருக்கும் நாடு ஸ்பெயின். ஐரோப்பாவில் பிள்ளைகளோடு பீச் டூர் போகிறவர்கள் ஹோட்டல் புக் செய்யும் முன்பே இந்தக் கொடி இருக்கிறதா என்று பார்ப்பது உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். கோவளம் முழுக்க நீலக்கொடி கிடையாது. குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு மட்டும்தான். அதைத் தாண்டினால் மற்ற கடற்கரைகளைப் போலத்தான். அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்போன ஊர் அது. சறுக்குகிறவர்களுக்குப் பிடிக்கிற அலை, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அலை இல்லை.

மாமல்லபுரம் வேறு கதை. 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சின்னங்கள், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை என்று கரையில் பார்க்கவே ஒரு முழு நாள் வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் குளிப்பதற்கு அது ஏற்ற இடம் இல்லை. கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டியிருக்கும் பாறைகளை ஒட்டி தண்ணீர் வேகமாக இழுக்கும். அங்கே கால் நனைத்ததோடு கரையேறிவிடுவது நல்லது.

மெரினா? வேடிக்கை பார்க்க, சுண்டல் சாப்பிட சரி. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் கூடிவிடும். காணும் பொங்கலன்று அங்கே கடலில் இறங்கக் கூடாது என போலீசார் தடுப்பு போடுவதும் அதனால்தான். புதுச்சேரி சுமார் 140 கி.மீ. தொடர்ந்து இரண்டு நாள் லீவு கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

"கடல் இழுக்குது" என்றால் என்ன?

அலை கரைக்கு வருகிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தாலோ, பக்கத்தில் பாறையோ கல் தடுப்போ இருந்தாலோ, அந்த வழியாக மொத்தத் தண்ணீரும் ஓர் ஆறு மாதிரி கடலுக்குள் பாயும். இதைத்தான் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டலாம். ஒலிம்பிக் நீச்சல் வீரர்களாலும் இதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது.

இதில் உள்ள ஏமாற்று என்னவென்றால், பார்க்க அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் கொஞ்சம் கருத்து, இல்லையென்றால் மணல் கலங்கி, நுரை உள்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். "இங்க அலை இல்லடா, பசங்களை இங்க விடு" என்று பெரியவர்கள் காட்டுகிற இடம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

அதனால் போன உடனே இறங்க வேண்டாம். பத்து நிமிஷம் கரையில் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பாருங்கள். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் யாராவது இருந்தால், "அண்ணே, இன்னைக்கு இங்க இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைய நீரோட்டம் அவருக்குத் தெரியும், கூகுள் மேப்புக்குத் தெரியாது.

சிவப்பு-மஞ்சள் கொடி நட்டிருந்தால், அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார் என்று அர்த்தம். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஸ்பெயினில் சிவப்புக் கொடியை மீறி இறங்கினால் அபராதம் போடும் நகராட்சிகள் உண்டு. நம்மூரில் பல கடற்கரைகளில் கொடியே இருக்காது. அங்கே பெரியவர்களுக்கு முழங்கால் அளவு, பிள்ளைகளுக்கு ஒரு கை பெற்றோர் கையில். ஏரியில், கிணற்றில் நீந்திப் பழகியவர்களும் இதே அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிணற்றில் அலை கிடையாது.

எந்த மாதம், எந்த நேரம்?

பொங்கல் முடிந்து ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; ஆயுத பூஜை, தீபாவளி லீவில் கடலுக்குப் போகும் திட்டம் இருந்தால் கரையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் இன்னொரு சிக்கல், கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று கிளப்பும் பெரிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையில் ஏறும். வானம் தெளிவாக இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய இரவு அதையும் வானிலை அறிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை 6.30 முதல் 9.30 வரை சரியான நேரம். அதன்பின் மணல் சுடும். இருட்டத் தொடங்கியதும் தண்ணீரில் யாரும் இருக்கக் கூடாது.

(ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பீச் கடையில் வறுத்த மீன் விலை ஏறியிருந்தால் கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.)

எப்படிப் போவது?

கோவளத்துக்கு ஒரகடம், வண்டலூர், கேளம்பாக்கம் வழி. மாமல்லபுரத்துக்கு ஒரகடம், சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. இதில் பரனூர் டோல்கேட் வரும். ஞாயிறு மாலை ஜிஎஸ்டி சாலையில் சென்னை நோக்கி வரும் கூட்டத்தில் மாட்டாமல் இருக்க, 4 மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்புவது நல்லது.

நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் 60 கி.மீ. ஓட்டுவது கடலில் இறங்குவதை விட ஆபத்து. நான்கைந்து குடும்பம் சேர்ந்து குட்டி யானையில் ஏறிப் போவதும் இந்தப் பக்கம் சகஜம்தான். ஆனால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது விதிமீறல். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகிவிடும். செலவைப் பகிர்ந்துகொண்டு வேன் எடுப்பதே மேல்.

யாராவது அலையில் மாட்டிக்கொண்டால்?

மாட்டியவர் கரையை நோக்கி நீந்தி மூச்சை வீணாக்கக் கூடாது. மல்லாந்து மிதக்க வேண்டும். ரிப் கரண்ட் உள்ளே தள்ளுமே தவிர அடியில் இழுக்காது. இழுப்பு குறைந்ததும் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரை சேரலாம். முடியாவிட்டால் கையை உயர்த்திக் கூப்பிட்டுக்கொண்டே மிதக்கலாம்.

கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன் நன்றாக மிதக்கும், அதைத் தூக்கி எறியுங்கள். கயிறு இருந்தால் கட்டி எறியுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தவறு. மூச்சு இல்லை என்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, பயிற்சி பெற்றவர் முதலில் வாய்வழியாகக் காற்றூதி, பிறகு நெஞ்சில் 30 அழுத்தத்துக்கு 2 முறை காற்றூத வேண்டும். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும், தண்ணீர் குடித்தவரை ஆஸ்பத்திரியில் காட்டாமல் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது.

போனில் இப்போதே சேமித்து வைக்க வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்பு 1093, கடலோரக் காவல்படை 1554.