ஆள்மாறாட்ட உணர்வின் சரித்திரம்: வாலிநோக்கத்திலிருந்து சில குறிப்புகள்

1

‘இம்பாஸ்டர் சின்ட்ரோம்’ என்ற சொல்லை முதன்முதலில் கேட்டது சென்னையில், ஒரு மென்பொருள் கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில். பயிற்சியாளர் திரையில் சில கேள்விகளைப் போட்டார். உங்கள் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்தது என்று நினைக்கிறீர்களா? என்றாவது ஒருநாள் எல்லோரும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்களா? எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்துல இருக்கிறவன் பாத்துட்டா? அதாவது, ஒளிக்கிற நோய்க்கான பரிசோதனையையும் ஒளித்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருந்தது.

தமிழில் இதை ஆள்மாறாட்ட உணர்வு என்று சொல்லலாம். பரீட்சை ஹாலில் ஒருத்தன் பேரில் இன்னொருத்தன் உட்கார்ந்து எழுதுவதைத்தான் நாம் ஆள்மாறாட்டம் என்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், பரீட்சையை எழுதியவனும் நான்தான், ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவும் என்னுடையதுதான். இருந்தும் பிடிபட்டுவிடுவோம் என்ற பயம். இந்தப் பயம் என் மனசுக்குள் முளைத்ததா, அல்லது அதற்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

நான் வாலிநோக்கத்துக்காரன். மன்னார் வளைகுடாவின் கரையில், கடலாடி தாலுகாவில் இருக்கிற ஊர். மீன்பிடிப்பும் உப்பும்தான் பிழைப்பு. வறட்சி மாவட்டத்தில் வேலைவாய்ப்பு உண்டாக்குவதற்காக 1974இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தொடங்கப்பட்டபோது மாரியூர் - வாலிநோக்கம் பகுதியில்தான் உப்பளங்கள் விரிந்தன. எங்க அய்யா அதே வட்டாரத்தில் ஒரு தனியார் அளத்தில் உப்பு வாருபவர்.

2010இல் நான் பொறியியல் சேர்ந்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. அது இல்லையென்றால் நான் இல்லை. ஆனால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று தாலுகா ஆபீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்த அய்யா, “நம்ம வீட்ல யாரும் படிக்கலைங்கறதுக்குக்கூட சீல் வச்சுத் தர்றாங்களே அப்பு” என்று சிரித்தார். சலுகை வேறு, அது நமக்குள் எழுதிவிட்டுப் போகும் வாசகம் வேறு. ‘நீ இங்கே புதிது’ என்ற வாசகத்தை நான் பத்து வருஷம் கழித்தும் மனசுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஊர் கேட்டால், “ராமேஸ்வரம் பக்கம்” என்பேன்.

3

இனி அந்தச் சொல்லின் பிறப்புக்குப் போகலாம். 1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டமும் பதவியும் பெற்ற பெண்கள் தங்களைப் போலி என்று நம்பிக்கொண்டிருப்பதை விவரித்தார்கள். அவர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை. ‘நிகழ்வு’ என்றே குறித்தார்கள். அது ‘சின்ட்ரோம்’ ஆனது பிற்பாடு, பொதுப் பேச்சில். இந்த மாற்றம் சாதாரணமானதல்ல. நிகழ்வு என்றால் அது எங்கே நிகழ்கிறது, யார் முன்னிலையில் நிகழ்கிறது என்று கேட்க வேண்டிவரும். சின்ட்ரோம் என்றால் அந்தக் கேள்விகள் தேவையில்லை, மருந்து போதும். 2021இல் ருச்சிகா துல்ஷ்யன், ஜோடி-ஆன் பியூரி என்ற இரு பெண்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: பெண்களைச் சரிசெய்யச் சொல்வதை விட்டு, அவர்களை அப்படி உணரவைக்கும் பணியிடங்களைச் சரிசெய்யுங்கள் என்று.

அந்த 1978க்கு 32 வருஷம் பின்னே போனால் இன்னொரு காட்சி. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். ‘கம்ப்யூட்டர்’ என்பதே அப்போது கணக்குப் போடும் ஆட்களின் உத்தியோகப் பெயர்தான். விழா முடிந்து நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பில்லை. வேலையைச் செய்தவர்கள் வெளியே நின்றார்கள். ஒரு தலைமுறை கழித்து, உள்ளே வந்துவிட்ட பெண்களுக்கு ‘நாம் இந்த விருந்துக்கு உரியவர்கள்தானா’ என்ற சந்தேகம் வந்தபோது, அது அவர்களது மனக்கோளாறு என்று ஆகிவிட்டது.

4

என் தொழிலின் சரித்திரத்தில் இதைவிடவும் பெரிய ஆறுதல் எனக்குக் கிடைத்தது. நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா நிரல் எழுதும் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1957இல் திருமணப் பதிவின்போது தொழில் என்ற இடத்தில் ‘புரோகிராமர்’ என்று எழுதினார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்கவில்லை, அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று. கடைசியில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று எழுதவேண்டிவந்தது. 1972இல் டூரிங் விருது ஏற்புரையில் அவரே இதைச் சொன்னார். உண்மையைச் சொன்னவரை வேறு ஆளாக மாறச் சொன்னது ஒரு அரசு அலுவலகம்! ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரும் இரவல்தான். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாட்டுக்கு அந்தப் பெயரை வேண்டுமென்றே, சீண்டலாகத்தான் வைத்தார்கள். பாலம் கட்டுகிறவர்களிடம் இருக்கிற ஒழுங்கு இந்தத் தொழிலில் இன்னும் வரவில்லை என்பதை உணர்த்துவதற்காக. ஆக, தொழிலே இரவல் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. இதில் நான் ஒருத்தன் மட்டும் என்ன ஆள்மாறாட்டம் செய்துவிட முடியும்?

தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களையும் பாருங்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். ‘கணியன்’ எழுத்துருவமைப்பை உருவாக்கி 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றியவர்களில் முதல்வர். சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் வேதியியலாளர். ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தவர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பின்னால் இருந்தவரும் அவர்தான். இருவரும் கணினித் துறைச் சான்றிதழோடு வந்தவர்கள் அல்லர். இன்று நாம் திரையில் தமிழ் வாசிக்கிறோமென்றால் அதில் இப்படி ‘வெளி ஆட்கள்’ பலரின் உழைப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் ராமானுஜன் பெயரை யாராவது எடுப்பார்கள். எடுக்கட்டும். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு, பல்கலைக்கழகப் படிப்பில்லை என்று வைத்துவிட்டார். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவனைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தத் துணிச்சலைத் தனிமனித மேதைமை என்று மட்டும் வாசித்தால் பாதிதான் வாசித்தவர்களாவோம். ராமச்சந்திர ராவ், நாராயண அய்யர், துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் என்று தூக்கிவிடும் கைகளின் ஒரு வரிசை அவருக்கு இருந்தது. சாதியும் உத்தியோகமும் சேர்ந்து நெய்த வலை அது. உப்பளத்துப் பையனுக்கு அந்த வலை கிடையாது. அவனுக்கு ஒளிப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

5

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் குழுவில் எங்க மாவட்டத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான். வாயைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் சந்தேகம் கேட்கப் பயந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து கிடப்பான். ஒருநாள், “அண்ணே, இவங்களுக்கெல்லாம் எப்படிண்ணே உடனே புரியுது?” என்று கேட்டான். ‘யாருக்கும் உடனே புரியலடா, எனக்கும்தான்’ என்று சொல்லியிருக்கலாம். “போகப்போகச் சரியாயிரும்” என்றேன். நாலே மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். என் மௌனமும் அந்த வெளியேற்றத்தில் ஒரு கையெழுத்து போட்டிருக்கிறது.

கிளான்ஸும் ஐம்ஸும் 1978இலேயே சொல்லியிருந்தார்கள்: இப்படி உணருகிறவர்களை ஒரு குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள் என்று. ஒருத்தி ஒளித்ததையே அடுத்தவளும் ஒளித்திருக்கிறாள் என்று தெரிகிற கணத்தில் பாதிப் பயம் போய்விடுகிறது. அடுத்து வந்த பிள்ளைகளிடம் முதல் நாளே சொன்னேன்: “எனக்கு ஊர் வாலிநோக்கம். எங்க அய்யா உப்பு வார்றவர். இது நேத்து நான் எழுதுன நிரல், இந்த இடத்துல தப்பு பண்ணியிருக்கேன்.” கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பெண் தன்னுடைய தப்பைத் திறந்து காட்டினாள்.

சந்தேகம் போய்விடவில்லை. போக வேண்டியதுமில்லை. டைக்ஸ்ட்ரா தன் உரைக்கு வைத்த தலைப்பே ‘பணிவுள்ள நிரலாளர்’ என்பதுதான். மனித மூளையின் எல்லையை மறக்காதவன்தான் நல்ல நிரல் எழுதுவான் என்பது அவர் வாதம். ஆக, சந்தேகம் இரண்டு வகை. ‘இந்த நிரல் சரியா?’ என்பது தொழிலின் சந்தேகம். ‘நான் இங்கே இருக்கலாமா?’ என்பது சரித்திரம் நம்மிடம் கொடுத்தனுப்பிய சந்தேகம். முதலாவதை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அய்யா பாத்தித் தண்ணியைப் பார்த்தே “இருபத்தஞ்சு டிகிரி ஆயிருச்சு” என்பார். உப்பு படியத் தொடங்கும் பதம் அது. மேஸ்திரி மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பினால், “இன்னைக்குக் கண்ணு ஏமாத்திருச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுவார். தப்பு கண்ணோடு சரி, அவர் அங்கே நிற்பதை அது தொடுவதில்லை. இதை நான் ரொம்ப நாள் அவருடைய மனத்தெம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வர யாருமில்லை, அதனால் அவரை ‘நீ யார்’ என்று யாரும் கேட்டதில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

போனவனுக்குப் போன மாதம் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன்.