முகத்தில் துகள்: டிஜிட்டல் கறுப்பு வெள்ளை உருவப்படத்தில் தொனியும் சொரசொரப்பும்

கறுப்பு வெள்ளை உருவப்படத்தில் துகள் சேர்ப்பது இன்று ஒரு விரலசைவில் முடியும் வேலை. லைட்ரூம் மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2010இல் வந்ததிலிருந்து துகளின் அடர்த்தி, பருமன், சொரசொரப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நகர்த்திகள் இருக்கின்றன. ஆனால் அப்படித் துகள் ஏற்றிய படங்களில் பெரும்பாலானவை, ஃபிலிமில் எடுத்த நல்ல அச்சொன்றின் பக்கத்தில் வைத்தால் நிற்பதில்லை. முகம் ஒரு தளத்தில் கிடக்க, துகள் அதன்மேல் போர்த்திய கொசுவலையாக வேறொரு தளத்தில் தெரிகிறது. டிஜிட்டல் துகள் செயற்கையானது, அதனால்தான் இப்படி என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த விடை போதாது. துகள் எந்தத் தொனியில் எவ்வளவு விழுகிறது, முகத்தோடு ஒப்பிட அதன் பருமன் என்ன என்ற இரண்டுமே அதன் இனிமையைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். முதல் கேள்விக்கான விடை தோலின் நிறத்தைப் பொறுத்து மாறும். மாநிறமும் கறுப்புமான முகங்களை எடுக்கும் நமக்கு, வெளுத்த தோலை வைத்துப் பழகிய வழிமுறைகள் அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் ஃபிலிம். ஜெலட்டின் படலத்தில் சிதறிக்கிடக்கும் வெள்ளி ஹாலைடு படிகங்கள் ஏறத்தாழ 0.2 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை பருமன் கொண்டவை. ஒளி பட்ட படிகங்கள் டெவலப்பரில் உலோக வெள்ளியாகின்றன. நெகட்டிவைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் தனிப் படிகம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. படலத்தின் வெவ்வேறு ஆழங்களில் கிடக்கும் படிகங்கள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று அமைவதால் உண்டாகும் கூட்டங்களையும் இடைவெளிகளையுமே நாம் துகள் என்று காண்கிறோம். அச்சில் தெரியும் கரும்புள்ளி, நெகட்டிவில் வெள்ளி விழாமல் விட்டுப்போன இடம். இந்தத் தற்செயல் அடுக்கைக் கணிதமாக எழுதும் முயற்சி 1913இல் நட்டிங் தந்த சூத்திரத்திலிருந்தே நடந்துவருகிறது. 2017இல் நியூசன், டெலோன், கலெர்ன் ஆகியோர் வெளியிட்ட மாதிரி, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் தொனிக்கேற்ற எண்ணிக்கையில் சிறு வட்டுகளைத் தற்செயலாக இறைத்து, அவற்றைக் கொண்டே படத்தை மறுபடி கட்டுகிறது. இது வெறும் நுட்ப மேம்பாடு அல்ல. அங்கே படம் துகளால் ஆனது. முடிந்துபோன படத்தின்மேல் துகளைத் தூவும் நகர்த்தி முறையிலிருந்து அது அடிப்படையிலேயே விலகி நிற்கிறது.

துகளை அளக்கக் கோடாக் பயன்படுத்திய எண்ணும் இங்கே கவனத்துக்குரியது. 48 மைக்ரோமீட்டர் துளை வழியாக, அடர்த்தி 1.0 உள்ள சீரான பகுதியை வருடி, அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தை ஆயிரத்தால் பெருக்குவார்கள். ட்ரை-எக்ஸ் 400க்கு 17, டி-மேக்ஸ் 100க்கு 8 என்று அந்நிறுவனத்தின் தரவுத்தாள்கள் சொல்கின்றன. இரண்டு ஃபிலிம்களை ஒப்பிட இது உதவும். ஒரே அடர்த்தியில் எடுத்த அளவு என்பதால், நெற்றியில் எவ்வளவு, தாடையின் நிழலில் எவ்வளவு என்று இது சொல்லாது. நெகட்டிவில் அடர்த்தி கூடக்கூடத் துகளின் ஏற்ற இறக்கமும் கூடும். ஆகவே படத்தில் வெளிச்சமாக வரும் பகுதிகளே நெகட்டிவில் அதிகத் துகள் கொண்டவை. அச்சுத்தாளோ தன் தொனி வளைகோட்டின் இரு முனைகளிலும் வேறுபாடுகளை அமுக்கிவிடுகிறது. தூய வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் துகள் மறைகிறது. நடுச்சாம்பலிலும் அதற்குச் சற்று மேலே உள்ள வெளிர்சாம்பலிலும் நன்றாகத் தெரிகிறது. பழைய படங்களில் துகள் முதலில் வானத்தில் கண்ணில் படுவது இதனால்தான்.

டிஜிட்டல் சென்சாரின் இரைச்சல் வேறு வழியில் பிறக்கிறது. ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான்கள் சேர்ந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 விழுக்காடு. 100 எலக்ட்ரான்களே சேர்ந்தால் 10, அதாவது 10 விழுக்காடு. திரைக்கான வளைகோடு நிழல்களை ஏற்றியும் வெளிச்சங்களை அமுக்கியும் காட்டுவதால், ஒளியின் இந்த இயல்பான ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தால் இரைச்சல் எல்லாத் தொனிகளிலும் ஏறக்குறைய சமமாகவே தெரியும். ஆனால் சென்சாரை வாசிக்கும்போது சேரும் மின்னிரைச்சல் அடிநிழலில் ஓங்குகிறது. நிழலை மென்பொருளில் தூக்கினால் இன்னும் கூடுகிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ணக் கட்ட அமைப்பு இன்னொரு சிக்கலைத் தருகிறது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பதிவதால், விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தில் இரைச்சல் திட்டுத் திட்டாகத் திரள்கிறது. 2012இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் போன்ற கறுப்பு வெள்ளைச் சென்சார்களில் இந்தத் திட்டுகள் இல்லை. அவற்றின் உயர் ஐ.எஸ்.ஓ. படங்கள் ஃபிலிமை நினைவூட்டுவதற்கு இது பெரிய காரணம். அங்கும் தொனிவாரிப் பரவல் ஃபிலிமுடையது அல்ல.

இனி, கரிய முகம். கறுப்பிலிருந்து வெள்ளைவரை தொனிகளைப் படிகளாக எண்ணும் அன்செல் ஆடம்ஸின் மண்டல முறையில் சராசரி வெள்ளையர் தோல் ஆறாம் மண்டலத்தில் நிற்கிறது. கரிய தோல் ஐந்தாம் மண்டலத்தை ஒட்டி வருகிறது. பக்கவாட்டு ஒளியில் கரிய முகத்தின் நிழல் கன்னம் நான்குக்கும் மூன்றுக்கும் இறங்கிவிடும். ஃபிலிம் அச்சில் துகள் ஓங்கித் தெரியும் சாம்பல், வெள்ளையர் முகத்தின் நடுப்பகுதி நிற்கும் சாம்பலேதான். துகள் மிகுந்த உருவப்படத்தின் அழகு என்று நாம் பார்த்துப் பழகியதில் ஒரு பங்கு இந்தத் தற்செயல் பொருத்தம். கரிய முகத்துக்கு வரும்போது இரண்டு வழிகள் இரண்டு எதிர்த் திசைகளில் தவறுகின்றன. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி இயல்பான இரைச்சலை நம்பினால், நிழல் கன்னத்தில் திட்டுகளும் கோடுகளும் மண்டி, பின்னால் உள்ள வெளிர்சுவர் சுத்தமாக நிற்கும். ஃபிலிமைப் போலத் துகள் ஏற்றினால், சுவர் முழுக்கத் துகளாடி, முகம் வழவழப்பாகக் கிடக்கும்.

இரண்டாவது தவறு கணக்காகவே தெரியும். ஃபோட்டோஷாப்பில் பலரும் செய்வது, 50 விழுக்காட்டுச் சாம்பல் அடுக்கொன்றில் துகளை உருவாக்கி அதை ஓவர்லே முறையில் படத்தின்மேல் வைப்பது. இந்த முறையில் துகளின் வீச்சு நடுச்சாம்பலில் முழுமையாக இருக்கும். கறுப்பையும் வெள்ளையையும் நோக்கி நேர்கோட்டில் குறைந்து இரு முனைகளிலும் சுழியாகும். கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் கொண்டால், 0.25இல் நிற்கும் நிழல் கன்னத்துக்கு 0.5இல் நிற்கும் நடுச்சாம்பல் சுவருக்குக் கிடைப்பதில் பாதியே கிடைக்கிறது. ஃபிலிம் அச்சின் பரவலுக்கு இது நெருங்கிய போலி என்பதால் பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நம் முகங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகத்தை மட்டும் வெட்டியெடுத்து அதற்கு அதிகத் துகள் கொடுப்பதும் சரியல்ல. ஒரே சாம்பல் முகத்தில் ஒரு விதமாகவும் சட்டையில் வேறு விதமாகவும் சொரசொரத்தால் கண் உடனே பிடித்துக்கொள்ளும். துகள் தொனியின் சார்பாகவே இருக்க வேண்டும். அந்தச் சார்பின் உச்சியைத்தான் நாம் நகர்த்தலாம். என் வழி இது: எடுத்த முகத்தின் ஒளிப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் இடைப்பட்ட தொனியை அளந்து, துகள் அடுக்கின் முகமூடியில் வளைகோட்டின் உச்சியை அந்தத் தொனிக்குக் கொண்டுவருவது. மாநிற முகத்துக்கு அது 0.4ஐ ஒட்டியும் நல்ல கறுப்பு முகத்துக்கு 0.3ஐ ஒட்டியும் அமையும். இதைவிட முக்கியமானது படம் எடுப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது: பின்சுவரின் தொனியை முகத்தின் தொனிக்கு அருகிலோ அதற்குக் கீழோ வைப்பது. வெள்ளைச் சுவரின் முன் கரிய முகத்தை நிறுத்திவிட்டு, முகம் இருண்டதென்று மென்பொருளில் தூக்குபவர் துகளின் அழகைப் படம் எடுக்கும்போதே இழந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் ராய் டிகராவாவை (1919–2009) நினைக்காமல் இருக்க முடியாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி மக்களை அவர் 35 மி.மீ. ஃபிலிமில், கிடைத்த ஒளியிலேயே எடுத்தார். லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு 1955இல் நூலாக வந்த படங்களிலும் பின்னாளில் ஜாஸ் கலைஞர்களை எடுத்த படங்களிலும், கரிய முகங்களை வெளுக்கவிடாமல் ஆழ்ந்த சாம்பல்களிலேயே அச்சிட்டார். பின்னணியும் அதே ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது. அவற்றில் துகள் உயிர்பெறுவது, தோலின் மினுமினுப்பில் ஒளி வழுக்கி நிழலுக்குள் இறங்கும் குறுகிய சரிவில் என்பது என் வாசிப்பு. வெளுத்த தோலில் அகன்ற சமவெளியாக விரியும் துகள், கரிய தோலில் சரிவுகளில் செறிகிறது. நம் முகங்களை எடுப்பவர்கள் பின்பற்றத் தக்க முன்மாதிரி அவர். ஃபிலிம் பெயர்களைச் சொல்லி விற்கப்படும் முன்னமைவுகளைவிட அவருடைய அச்சுகளிலிருந்து கற்பதற்கு அதிகம் இருக்கிறது.

பருமனுக்கு வருவோம். 24 மெகாபிக்சல் முழுச் சட்டகச் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரோமீட்டர் அகலம். பிக்சலுக்குப் பிக்சல் தனித்தனியாக மாறும் இரைச்சல், படத்தை 6000 பிக்சலிலிருந்து 2000க்குச் சுருக்கும்போது ஒன்பது பிக்சல்களின் சராசரியாகி மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. ஆகவே துகளைக் கடைசியில், இறுதி அளவுக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ.; இரண்டு மூன்று பிக்சல் பருமனுள்ள கூட்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் சொரசொரப்பாக உணரப்படும், தனிப் புள்ளிகளாகத் துருத்தாது. இந்த அச்சளவோடு முகத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபிலிமில் நெகட்டிவின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கினால் முகத்தோடு துகளும் பெருக்கும்; மென்பொருளில் அந்தப் பிணைப்பு இல்லாததால் நாமே அதை உண்டாக்க வேண்டும். என் வரம்பு கண்ணிமை மயிர்: துகள் கூட்டம் அதன் தடிமனைத் தாண்டினால் பார்வையின் கூர்மை போய்விடுகிறது. சுருக்கங்களும் தாடியும் நிறைந்த முதிய முகம் தன் சொரசொரப்பால் துகளை மறைத்துக்கொள்ளும். குழந்தையின் கன்னம் அதை முழுதாகக் காட்டிக்கொடுக்கும். ஒரே அமைப்பை இருவருக்கும் வைப்பது இருவருக்கும் அநீதி.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீல அலைவரிசைக்கு அதிகப் பங்கு கொடுக்கக் கூடாது. தோல் நீலத்தைக் குறைவாகவே திருப்பியனுப்புகிறது. மஞ்சள் விளக்கொளியில் அந்த அலைவரிசையைச் சமன் செய்ய இரண்டு மடங்குக்கு மேலும் பெருக்க நேரும், இரைச்சலும் கூடவே பெருகும். தோலை மெழுகாக்கும் இரைச்சல் நீக்கியையும் தோலழகு வடிகட்டியையும் முதலிலேயே அணைத்துவிட வேண்டும். நுண்துளைகள் அழிந்த தோலின்மேல் எவ்வளவு நேர்த்தியான துகளும் மிதக்கவே செய்யும்.

டிஜிட்டல் படத்தில் துகள் சேர்ப்பது பொய் என்ற மறுப்பைக் கடந்துபோக முடியாது. ஃபிலிமில் துகள் பொருளின் தவிர்க்க முடியாத இயல்பு, டிஜிட்டலில் அது ஒப்பனை என்பது அதன் சாரம். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1891இல் ஆக்பா அறிமுகப்படுத்திய ரோடினால் டெவலப்பரைத் துகளுக்காகவே பலர் விரும்பினார்கள். மெல்லிய துகள் வேண்டியவர்கள், லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் கலந்த டி-76ஐ எடுத்தார்கள். குவிவில்லை வைத்த என்லார்ஜர் துகளைக் கூர்மையாக்கும், பரவொளி என்லார்ஜர் மென்மையாக்கும் என்பது இருட்டறையில் எல்லோரும் அறிந்தது. ஜப்பானில் 1968–69இல் வந்த புரோவோக் இதழைச் சேர்ந்த மோரியாமா டைடோ போன்றவர்கள் கரடுமுரடான துகளை ஒரு நிலைப்பாடாகவே ஏந்தினார்கள். துகள் அன்றும் தேர்வுதான். அதற்கு நடைமுறைப் பயனும் உண்டு: எட்டு பிட் படத்தின் 256 படிகள், மெல்ல இருளும் பின்னணியில் பட்டை பட்டையாகத் தெரியும். சிறு தற்செயல் இரைச்சலைக் கலந்தால் இத்தகைய பட்டைகள் கரையும் என்பதை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962லேயே காட்டினார்.

இந்தத் தேர்வு வாசகரின் கண்வரை போய்ச் சேருவதில்தான் இன்று பெரிய இடர். தற்செயல் ஏற்ற இறக்கம் சுருக்க முறைகளுக்கு மிகச் செலவானது. 2018இல் வெளியான ஏவி1 காணொளிச் சுருக்க முறை, ஃபிலிம் துகளைப் படத்திலிருந்து பிரித்து நீக்கி, ஒவ்வொரு தொனிக்கும் எவ்வளவு என்ற குறிப்பை மட்டும் அனுப்பி, பார்ப்பவரின் கருவியில் மறுபடி உண்டாக்க வழி தருகிறது. துகளைத் தொனியின் சார்பாகக் கருதும் பார்வை அங்கே பொறியியல் தரமாகவே ஏறிவிட்டது. நிழற்படத்துக்கு நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஜேபெக்கில் அப்படி வழி இல்லை. தர எண்ணைக் குறைத்தால் அது நுண்ணிய அலைகளை முதலில் தூக்கியெறியும்; வீச்சு குறைந்த துகளே முதலில் அழியும். கரிய கன்னத்தில் மென்மையாக அமைத்த துகள் போய், வெளிர்ப்பகுதியில் ஓங்கிய துகள் எஞ்சி, மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு திரும்பி வந்துவிடும். திரைக்கான படிக்கு அச்சுப் படியைவிடப் பருமனான துகளும், 0.3ஐச் சுற்றிய தொனிகளில் சற்றுக் கூடுதல் வீச்சும் கொடுத்துத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.