வெள்ளுடை ஊழியர் பால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் ஒருவர், மலைநாட்டின் சமய வரலாறு முழுவதையும் பாதையோரத்திலேயே கண்டுவிடலாம். தேயிலைச் சரிவின் நடுவே மாரியம்மன் கோயில் ஒன்று நிற்கும். துரைமாருக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டிய கருங்கற் கோயில் மற்றொரு வளைவில் தோன்றும். லயங்களுக்கு அண்மையில், தகரக் கூரை வேய்ந்த சிறு வீடொன்றிலிருந்து கைத்தாளமும் உரத்த செபமும் எழும். முதலிரண்டும் எவ்வாறு தோன்றின என்பதைப் பலர் அறிவர். மூன்றாவதாகிய பெந்தெகொஸ்தே செபவீட்டின் வரலாறு அத்துணை தெளிவாக அறியப்பட்டதன்று. அந்த வரலாற்றின் தலைவாயிலில் நிற்பவர் மலையாள நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்த ஓர் ஏழைச் சிறுவர். இராமன்குட்டி என்பது பெற்றோர் இட்ட பெயர். பின்னாளில் பாஸ்டர் பால் என்று அறியப்பட்டார்.

இராமன்குட்டி 1881 ஆம் ஆண்டில், திருச்சூர்ப் பகுதியில், இந்துக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அக்காலத்தில் மலையாளக் கரையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்பு நாடி இலங்கைக்குக் கடல் கடந்தோர் பல்லாயிரவர். கங்காணியின் பின்னே கண்டி மலைகளுக்கு நடந்தோர் ஒரு சாரார். கொழும்பு நகரின் வீடுகளிலும் கடைகளிலும் வேலைக்கு அமர்ந்தோர் மற்றொரு சாரார். இராமன்குட்டி இரண்டாம் வகையினர். பதினான்கு வயதளவில் கொழும்பு சேர்ந்து, கிறித்தவ மருத்துவர் ஒருவரின் இல்லத்திற் பணியாளரானார். பதினெட்டு வயதளவில் கிறிஸ்துவின் குரல் தம்மை அழைத்ததாக அவர் உணர்ந்தார் என்று அவர் வழிவந்தோர் கூறுவர். ஞானஸ்நானம் பெற்றுப் பால் என்னும் பெயர் பூண்டார். மருத்துவர் இல்லத்தில் வளர்ந்த அவரே பிற்காலத்தில் மருந்தை நாடாத விசுவாசத்தைப் போதித்தார் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அவர் காலத்தில் உலகின் பல பாகங்களில் ஒரு புதிய சமய எழுச்சி பரவிக்கொண்டிருந்தது. 1906 இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா வீதியில், வில்லியம் சீமோர் என்னும் கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களில் அந்நியபாஷை பேசுதலும் நோய் நீங்கச் செபித்தலும் பெருகின. அதற்கு முந்திய ஆண்டிலேயே மராட்டிய நாட்டில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி ஆசிரமத்தில் அத்தகைய எழுச்சி தோன்றியிருந்தது. அதற்கும் முன்னதாக, 1860 இல், திருநெல்வேலித் தமிழரிடையே யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் தலைமையில் இவ்வித அனுபவங்கள் காணப்பட்டன. ஆகவே பெந்தெகொஸ்தே சமயம் மேனாட்டார் கொணர்ந்து இறக்கிய சரக்கு என்று கூறுதல் பொருந்தாது. தென்னாட்டு மண்ணிலும் அதன் வித்து முன்னரே கிடந்தது.

இலங்கைக்கு அவ்வெழுச்சியைக் கொணர்ந்தவருள் டென்மார்க்கு நாட்டு அன்னா லெவினி அம்மையாரும் ஆங்கிலேயரான வால்டர் கிளிஃபர்டும் குறிப்பிடத்தக்கவர்கள். 1920 களில் ஸ்மித் விகிள்ஸ்வர்த் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் போதகரும் கொழும்புக்கு வந்து, நோயாளர்க்காகச் செபித்தார். ஆனால் வெள்ளையரின் தலைமையில் நிற்பதற்குப் பால் விரும்பவில்லை. இலங்கையரான ஆல்வின் டி அல்விஸ் என்பவரோடு சேர்ந்து, 1923 அளவில், சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் என்னும் தனிச் சபையை நிறுவினார். மலையாளியும் சிங்கள நாட்டவரும் கூடி அமைத்த அச்சபை, எந்த மேனாட்டுச் சங்கத்தின் பணத்தையும் நம்பி நிற்கவில்லை. குடியேற்ற ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

அச்சபையின் ஊழியர் வாழ்வு கடுமையானது. முழுநேர ஊழியத்துக்கு வருவோர் சொத்தைத் துறக்க வேண்டும். மணவாழ்வையும் துறக்க வேண்டும். ஆணும் பெண்ணும் தூய வெள்ளுடை அணிந்து, விசுவாச வீடு என்று அழைக்கப்பட்ட இல்லங்களில் ஒழுங்குக்கு உட்பட்டுக் கூடி வாழ்வர். மாதச் சம்பளம் இல்லை. எவரிடமும் சென்று பொருள் கேட்டலும் இல்லை. வந்ததை அனைவரும் பகிர்ந்துண்பர். விசுவாசிகள் நகை அணிவதில்லை. முழுக்கு ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் அபிஷேகம், கிறிஸ்துவின் விரைந்த வருகை என்பன போதனையின் தூண்கள். இவற்றோடு நின்றிருந்தால், பழைய கிறித்தவத் துறவியர் மரபின் புதிய கிளை என்று உலகம் அதனை எளிதில் ஏற்றிருக்கும். எதிர்ப்பை வளர்த்தது மற்றொரு தூண். நோய் வந்தால் மருந்தை நாடாது, ஆண்டவரை மட்டுமே மருத்துவராகக் கொள்ள வேண்டும் என்பது அது.

பாலின் செல்வாக்கு இலங்கையோடு அடங்கவில்லை. திருவிதாங்கூரிலும் தமிழ்நாட்டிலும் அவரது சபை பரவிற்று. 1930 இல் கே. ஈ. ஆபிரகாம் என்பவருக்குப் பால் கைவைத்து ஊழியப் பட்டம் அளித்தார். ஆபிரகாம் தொன்மையான சிரியக் கிறித்தவக் குடியிற் பிறந்தவர். பின்னாளில் இந்தியப் பெந்தெகொஸ்தே சபையின் தலைவராய் விளங்கியவர். தம் மரபைத் தோமா அப்போஸ்தலர் காலத்தோடு இணைத்துப் பெருமை கொள்ளும் குடியிற் பிறந்த ஒருவர், இந்துவாய்ப் பிறந்து வீட்டுப் பணியாளராய் வளர்ந்த ஒருவர்முன் தலை தாழ்த்தினார். குலமும் கல்வியும் குருத்துவத்தின் திறவுகோலாயிருந்த சமுதாயத்தில் அது ஒரு மாற்றத்தின் அறிகுறி. 1945 இல் பால் காலமான பின்னர், டி அல்விஸ் சபையை நடத்தினார். இந்தியாவில் அச்சபை 1984 இல் தி பெந்தெகொஸ்தே மிஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் தலைமையகம் சென்னையை அடுத்த தாம்பரம் இரும்புலியூரில் உள்ளது.

இனி மலைநாட்டை நோக்குவோம். தோட்டத் தமிழரிடையே கிறித்தவம் பாலின் காலத்திற்கு முன்னரே புகுந்துவிட்டது. கோப்பிக் காலத்திலேயே, 1854 இல், தோட்டத்துரைமாரின் ஆதரவோடு ஆங்கிலிக்கன் சபையினர் தமிழ்க் கூலி மிஷன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து போதித்தனர், பள்ளிகளும் திறந்தனர். ஆயினும் ஒரு தடை இருந்தது. உபதேசியார் தோட்டத்துள் நுழைய வேண்டுமாயின் துரையின் அனுமதி வேண்டும். ஆகவே தொழிலாளியின் கண்ணுக்கு அவர் துரையின் நிழலில் வரும் மனிதராகவே தோன்றினார். பெரட்டுக் களத்தில் பேர் கொடுப்பவரும் வெட்டுபவரும், சம்பளத்தைக் கணக்கிடுபவரும், இறுதியில் மோட்சத்தின் வழியைத் திறப்பவரும் ஒரே பங்களாவைச் சார்ந்தவர்களோ என்று அவன் ஐயுற்றிருந்தால் வியப்பில்லை.

துரையின் சிபாரிசும் வெள்ளையரின் நிதியும் வேண்டாத ஒரு சமயம் அவனுக்கு வேறுவிதமாகத் தோன்றியது இயல்பே. அதற்குக் கட்டடம் வேண்டுவதில்லை. லயத்துக் காம்பரா போதும். எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் எழுந்து நின்று சாட்சி கூறலாம். மற்றோர் அமர்ந்து கேட்பர். விடியுமுன் எழுந்து பொழுது சாயும்வரை பிறர் ஏவலைக் கேட்பதே வாழ்வாய் அமைந்த ஒருத்திக்கு, தன் சொல்லைப் பிறர் கேட்கும் இடம் ஒன்று கிடைத்தது. 1920 களிலும் 1930 களிலும் கோ. நடேசையரும் மீனாட்சி அம்மையாரும் தொழிற்சங்கத்தின் வாயிலாக அவளுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தனர். நடேசையர் மேடை கங்காணியின் பிடியைக் கேள்வி கேட்டது. செபவீடு அக்கேள்வியைக் கேட்கவில்லை. குடியின் கேட்டையும் மனத்தின் சோர்வையும் எதிர்த்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் இரண்டும் ஒரே வெறுமையை நிரப்ப முயன்றன.

மருந்து பற்றிய போதனையையும் அக்காலத்துத் தோட்ட வாழ்வோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 1912 ஆம் ஆண்டின் சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்டங்களின் பொறுப்பாக்கின. சட்டம் இருந்தது, ஆனால் பல தோட்டங்களில் தொழிலாளி கண்டது டிஸ்பென்சரியின் கலவை மருந்துப் போத்தலையே. நோயென்று சொல்பவன் உண்மையில் நோயாளியா, வேலைக்கு அஞ்சுபவனா என்ற ஐயமும் அங்கே அவனை வரவேற்றது. 1916 முதல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் ஈடுபட்டனர். நோக்கம் நல்லது. ஆனால் மருந்தின் கடுமையால் மயக்கமும் வாந்தியும் கண்டவர் பலர். வரிசையில் நிறுத்திக் குடிப்பித்த மருந்தைத் தொழிலாளர் அஞ்சினர். மருந்து அவர்களுக்கு அதிகாரத்தின் மற்றொரு முகமாகவே தோன்றியது. இச்சூழலில், தலைமேல் கைவைத்து, பெயர் சொல்லி அழைத்து, கண்ணீரோடு ஒருவர் செபித்தால், அது உள்ளத்தைத் தொட்டதில் வியப்பில்லை.

இங்கே காலத்தின் வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பால் சபை நிறுவிய 1923 இல், நிமோனியாக் காய்ச்சலுக்கோ பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்கோ திண்ணமான மருந்து எந்த மருத்துவரிடமும் இல்லை. மருந்தை மறுத்தவர் அன்று இழந்தது சில வேளைகளிற் சிறிதே. 1930 களில் சல்ஃபா மருந்துகள் வந்தன. 1940 களில் பெனிசிலின் வந்தது. ஒரு வாரத்திற் கொல்லும் நோய் ஒரு வாரத்திற் குணமாகும் நிலை ஏற்பட்டது. போதனையின் சொற்கள் மாறவில்லை. ஆனால் அதன் விலை பன்மடங்கு உயர்ந்துவிட்டது. முன்னர் விசுவாசத்தின் துணிவாயிருந்த ஒன்று, பின்னர் உயிரின் இழப்பாய் மாறக்கூடியதாயிற்று.

இதனைப் பற்றிய வாதம் திருமறையின் சொற்களைக் கொண்டே நடந்தது. நோயுற்றவன் சபையின் மூப்பரை அழைத்துச் செபிக்கச் சொல்லுக என்னும் யாக்கோபின் நிருபத்தை ஒரு சாரார் காட்டினர். பவுலடிகளின் அன்புக்குரிய தோழர் லூக்கா மருத்துவர் என்பதையும், தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சரசம் கொள்ளுமாறு அவரே எழுதியதையும் மறுசாரார் காட்டினர். வளர்ந்தவர் ஒருவர் தம் உடலைக் குறித்துத் தாமே முடிவு செய்தல் வேறு. பேசத் தெரியாத குழந்தைக்காகப் பெற்றோர் முடிவு செய்தல் வேறு. பிள்ளைமடுவத்தில் காய்ச்சலோடு கிடக்கும் மகவுக்கு விசுவாசம் இன்னதென்று தெரியாது. பாலின் போதனைமேல் எழும் கேள்விகளுள் கடினமானது இதுவே. அதற்கு அவரது துறவும் தூய்மையும் விடையாகமாட்டா.

குடும்பங்களின் மனக்குறையும் உண்டு. மணவாழ்வைத் துறந்து விசுவாச வீடு புகுந்த மகனையோ மகளையோ எண்ணி ஏங்கிய பெற்றோர், அதனைக் கடவுளின் அழைப்பு என்று உடனே கொள்ளவில்லை. லயத்தில் ஒரு வீட்டார் மட்டும் திருவிழாவுக்கு வரி கொடுக்க மறுக்குங்கால், கோயிற் கூட்டத்தின் ஒற்றுமை குலைவதாக அயலார் கருதினர். நாடிழந்து, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்து, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட ஒரு மக்களுக்கு, மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் வெறும் சடங்குகளல்ல. தாம் யார் என்பதைத் தமக்கே நினைவூட்டும் சின்னங்கள். அவற்றைப் பேயின் செயல் என்று இகழ்ந்த போதகர் வெறுப்பையே தேடிக்கொண்டார்.

பிற்காலத்தில் இவ்வழக்கு அரசியலையும் சட்டத்தையும் எட்டியது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கவென 2004 இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொணரப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்னனுமதி வேண்டும் என்னும் சுற்றறிக்கை 2008 இல் வெளிவந்தது. நிலமெல்லாம் தோட்டத்துக்கே உரியதாயிருக்கும் மலைநாட்டில், காம்பராவிற் கூடும் செபக்கூட்டம் இல்லமா, ஆலயமா என்பது வெறும் சொல்லாராய்ச்சியன்று.

மலைநாட்டின் செபவீடுகள் யாவும் பாலின் சபையைச் சேர்ந்தனவல்ல. பல பிரிவுகள் இன்று உள. மருந்தை மறுக்காத பெந்தெகொஸ்தேயினரே பெரும்பாலோர். எனினும் மேனாட்டார் துணையின்றி ஏழைகள் தாமே ஒரு சபையை எழுப்பலாம் என்று இத்தீவில் முதன்முதற் காட்டியவருள் பால் ஒருவர். அவரைப் புனிதர் என்று மட்டும் எழுதுவோர், மருந்தின்றி மாய்ந்த உயிர்களை மறக்கின்றனர். மயக்குபவர் என்று மட்டும் எழுதுவோர், அவர்முன் மக்கள் ஏன் மண்டியிட்டனர் என்பதைக் கேட்க மறக்கின்றனர். நோயாளியை நம்பாத மருந்தகமும் துரையின் நிழலில் நின்ற கோயிலும் விட்டுச் சென்ற வெற்றிடத்திலேதான் அவர் போன்றோரின் குரல் ஒலித்தது. தேயிலை மலைகளில் மருத்துவர் இரங்கி வந்து அமர்ந்து கேட்கும் நாள் எத்துணை அண்மையில் வருகிறதோ, அத்துணை விரைவில் செபமும் மருந்தும் ஒன்றையொன்று பகைக்க வேண்டிய தேவை ஒழியும்.